வருமானம் குறைந்ததா? முதலில் வீட்டில் சொல்லுங்கள்!



கீழக்கரையாகட்டும், அதிராம்பட்டினமாகட்டும், காயல்பட்டினமாகட்டும், இந்தக் காட்சியைப் பார்க்காத ஊர் நம்மிடம் இருக்க முடியாது. வளைகுடாவிலிருந்து ஒரு சகோதரர் ஊர் திரும்புகிறார். பெட்டியில் போர்வை இருக்கிறது, செண்ட் இருக்கிறது, பிள்ளைகளுக்கு மிட்டாய் இருக்கிறது. "எத்தனை மாத லீவு?" என்று கேட்பவர்களிடமெல்லாம் "மூன்று மாதம்" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார். அது லீவு அல்ல, கம்பெனி எக்ஸிட் அடித்து அனுப்பிவிட்டது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். கட்டிய மனைவிக்குத் தெரியாது. பெற்ற உம்மாவுக்கும் தெரியாது.

தெரியாததால் வீடு பழைய கணக்கிலேயே ஓடுகிறது. சபுராளி வந்திருக்கிறார் என்று உறவினர்கள் விருந்துக்கு வருகிறார்கள். கொழுந்தியாள் கல்யாணத்துக்கு மோதிரம் போட வேண்டும் என்கிறார்கள். அவரும் மறுக்காமல் தலையாட்டுகிறார். மூன்று மாதம் கழிந்ததும் "விசா மாறுகிறது, கொஞ்சம் தாமதமாகும்" என்கிறார். நான்காவது மாதம் மனைவியின் வளையல் அடகுக் கடைக்குப் போகிறது. ஆறாவது மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டிக்கு ஒரு லட்சம் வாங்குகிறார். எட்டாவது மாதம் வட்டிக்காரன் வாசலில் வந்து நிற்கும்போதுதான் அந்த வீட்டுக்கு உண்மை தெரிகிறது.

அந்தக் குடும்பத்தைக் கவிழ்த்தது எது? வேலை போனதா? இல்லை. வேலை போனதை மறைத்த அந்த எட்டு மாதங்கள்தான்!

இது வெளிநாடு சென்றவர்களின் கதை மட்டுமல்ல. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் தொழிற்சாலையில் ஷிஃப்ட் குறைந்தவர், மேலப்பாளையத்தில் பீடி சுற்றிப் பிழைக்கிற சகோதரி, சென்னையில் சிறிய செல்போன் கடை வைத்து நொடித்தவர் என்று எல்லார் வீட்டிலும் இதே நோய்தான் வேறு பெயரில் இருக்கிறது. வருமானம் குறைவது பாவமல்ல, அவமானமும் அல்ல. அதை மறைப்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

நம்மால் வந்ததல்ல இந்தச் சறுக்கல்

1990 ஆகஸ்டில் குவைத்துக்குள் ஈராக் படை நுழைந்தபோது, ஏறத்தாழ ஒரு லட்சத்து எழுபதாயிரம் இந்தியர்கள் அங்கிருந்து விமானத்தில் அழைத்து வரப்பட்டார்கள். உடுத்திய துணியோடு வந்தவர்கள் அவர்களில் ஏராளம். 2011-ல் சவூதி அரசு 'நிதாகத்' திட்டத்தைக் கொண்டுவந்து, தன் நாட்டவருக்கு இத்தனை வேலை என்று நிறுவனங்களுக்குக் கணக்கு வைத்தது. 2017 ஜூலையில், குடும்பத்தோடு தங்கியிருந்த வெளிநாட்டவர்கள் ஒவ்வொரு குடும்ப உறுப்பினருக்கும் மாதம் 100 ரியால் கட்ட வேண்டும் என்று வந்தது. அது ஆண்டுக்கு நூறு நூறாக ஏறி, 2020 ஜூலையில் 400 ரியாலாயிற்று. மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருந்தால் மாதம் 1,600 ரியால்! சாதாரணச் சம்பளக்காரர் என்ன செய்வார்? குடும்பத்தை ஊருக்கு அனுப்பினார். பிறகு 2020-ல் கொரோனா வந்தது. இம்முறை அவரே வந்து சேர்ந்தார்.

உள்நாட்டிலோ 2016 நவம்பரில் பணமதிப்பு நீக்கம், 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி., 2020-ல் ஊரடங்கு. ரொக்கத்தில் ஓடிய சிறு வியாபாரமும் சிறு பட்டறையும்தான் முதலில் அடிபட்டன. நம் சமுதாயத்தின் பிழைப்பு பெரும்பாலும் அவற்றில்தான் இருக்கிறது.

இவ்வளவு பெரிய காற்று அடித்து ஒரு வீட்டின் கூரை பறந்தால், அந்த வீட்டுத் தலைவர் ஏன் வெட்கப்பட வேண்டும்? "உழைக்கத் தெரியாதவன்" என்று ஊர் சொல்லிவிடுமோ என்று ஏன் பயப்பட வேண்டும்?

திருக்குர்ஆன் 65-வது அத்தியாயத்தின் 7-வது வசனத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். வசதி உள்ளவர் தம் வசதிக்கேற்பச் செலவிடட்டும், வாழ்வாதாரம் சுருக்கப்பட்டவர் தமக்குக் கொடுக்கப்பட்டதிலிருந்து செலவிடட்டும் என்ற கருத்தை அந்த வசனம் சொல்கிறது. எந்த ஆத்மாவின் மீதும் அதன் சக்திக்கு மேல் சுமத்தப்படுவதில்லை என்றும், சிரமத்துக்குப் பிறகு இலகு உண்டு என்றும் ஆறுதல் அளிக்கிறது. கையில் இருப்பதிலிருந்துதான் செலவு. கையில் இல்லாததிலிருந்து செலவு செய்யும்படி மார்க்கம் யாருக்கும் சொல்லவில்லை.

கணக்கு நோட்டு யார் கையில்?

வருமானம் குறைந்ததும் நம் ஆண்கள் செய்கிற முதல் தவறு, மனைவியிடம் கணக்கை மறைப்பது. "அவளுக்கு என்ன தெரியும்? சொன்னால் அழுவாள்" என்கிறார்கள். வீட்டில் எத்தனை நாளைக்கு அரிசி இருக்கிறது, கேஸ் எப்போது தீரும், எந்தப் பிள்ளைக்கு எப்போது ஃபீஸ் என்பதெல்லாம் அந்தப் பெண்ணுக்குத்தான் தெரியும். வரவு எவ்வளவு என்பது மட்டும் தெரியாது. வரவு தெரியாமல் யாரால் செலவைச் சுருக்க முடியும்?

இன்னொரு கொடுமையும் உண்டு. மேடை ஏறினால் சிலர், "நம் பெண்கள் ஆடம்பரம் செய்கிறார்கள், அதனால்தான் ஆண்கள் கடனாளியாகிறார்கள்" என்று எளிதாகச் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். அந்தப் பெண்ணிடம் "நம் வரவு இவ்வளவுதான்" என்று எந்தக் கணவர் உட்கார்ந்து சொன்னார்? சொல்லாமல் குற்றம் மட்டும் சாட்டுவது நியாயமா?

ஹிந்த் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, தம் கணவர் அபூசுஃப்யான் போதிய அளவு செலவுக்குத் தருவதில்லை என்று முறையிட்ட சம்பவம் புகாரியில் உள்ளது. தமக்கும் பிள்ளைகளுக்கும் போதுமானதை நியாயமான அளவில் எடுத்துக்கொள்ள அவருக்கு அனுமதி கிடைத்தது. எது போதும் என்பதை அறிகிற தகுதி வீட்டுப் பெண்ணுக்கு உண்டு என்பதுதானே இதிலிருந்து கிடைக்கிற பாடம்? பெரிய படிப்பு வேண்டியதில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். அதில் அவரும் எழுதட்டும், நீங்களும் எழுதுங்கள். பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கும் தெரியட்டும். "வாப்பாவுக்கு இப்போது வருமானம் குறைவு" என்று சொன்னால் பிள்ளைகள் உடைந்துவிட மாட்டார்கள். சொல்லாமல் எரிந்து விழுந்தால்தான் உடைவார்கள்.

எதை வெட்டுவது? எதைத் தொடக் கூடாது?

ஓர் உதாரணக் கணக்கு போடுவோம். முன்பு மாதம் 30,000 ரூபாய் வந்த ஐந்து பேர் குடும்பம். இப்போது வருவது 18,000. வாடகை 5,000. சாப்பாட்டுக்கு 7,000. பள்ளிச் செலவு 2,500. கரண்ட், கேஸ், போன் 1,500. மருந்து 800. பஸ்ஸுக்கு 700. அவசரத்துக்கு எடுத்து வைப்பது 500. கூட்டிப் பாருங்கள், சரியாக 18,000. இறுக்கிப் பிடித்தால் வண்டி ஓடும்.

இந்தக் கணக்கில் அந்த ஒரு லட்சம் கடனுக்கு மாத வட்டி 3,000 ரூபாயை நுழையுங்கள். இப்போது எதை அடிப்பீர்கள்? வாடகையை அடித்தால் வீட்டுக்காரர் வெளியேற்றுவார். கரண்டை அடிக்க முடியாது. கடைசியில் அடி விழுவது இரண்டே இடத்தில்தான். ஒன்று, உம்மாவின் சாப்பாட்டுத் தட்டு. மற்றொன்று, பெண் பிள்ளையின் படிப்பு. வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிட்டு, "எனக்குப் பசியில்லை" என்று சொல்கிற தாய்மார்கள் எத்தனை பேர்! "ஆம்பளப் புள்ள படிக்கட்டும், நீ வீட்டுல இரு" என்று ஒன்பதாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட பெண்கள் எத்தனை பேர்! சிக்கனம் என்ற பெயரில் இதைத்தான் செய்கிறோம் என்றால் அது சிக்கனமல்ல, அநீதி.

வெட்ட வேண்டியதை வரிசைப்படுத்திச் சொல்கிறோம். முதலில் ஆண்களின் சிகரெட், டீக்கடை, பெட்ரோல். அடுத்து ஊருக்காகச் செய்கிற செலவு: சீர், விருந்து, பிறர் வீட்டு விசேஷத்துக்குக் கடன் வாங்கிப் போடுகிற மொய். பிறகு தவணையில் வாங்கிய போனும் வண்டியும். கடைசி வரை தொடக் கூடாதவை பிள்ளைகளின் பால், முட்டை, படிப்பு, பெரியவர்களின் சர்க்கரை, பிரஷர் மாத்திரை.

வெட்டு வீட்டுத் தலைவரிடமிருந்து தொடங்க வேண்டும் என்பதற்கு நம்மிடம் முன்மாதிரி உண்டு. ஹிஜ்ரி 18-ஆம் ஆண்டு வாக்கில் அரேபியாவில் கடும் பஞ்சம் வந்தபோது, கலீஃபா உமர் (ரலி) அவர்கள் மக்களுக்கு வசதி திரும்பும் வரை நெய்யையும் இறைச்சியையும் தாம் தொடாமல் இருந்தார்கள் என்று வரலாறு சொல்கிறது. ஆட்சித் தலைவர் தம் தட்டிலிருந்து குறைத்தார். நாமோ மனைவியின் தட்டிலிருந்து குறைக்கிறோம்!

அடகா, விற்பனையா?

கஷ்டம் வந்ததும் நகை அடகுக்குப் போகிறது. "விற்றால் போய்விடும், அடகு வைத்தால் மீட்டுவிடலாம்" என்பது நம் பெண்களின் நம்பிக்கை. கணக்கு வேறு சொல்கிறது. நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம். ஒரு லட்சத்துக்கு மூன்று ஆண்டு கட்டாமல் விட்டால் வட்டி மட்டும் 72,000 ரூபாய். நகை ஏலத்துக்குப் போகும். அசலும் போய், ஹராமான வட்டியும் கொடுத்து, நகையும் இல்லாமல் நிற்போம்.

மீட்க வழி கண்ணுக்குத் தெரியாதபோது ஐந்து பவுனை அடகு வைப்பதைவிட ஒரு பவுனை விற்றுவிடுவது மேல். மீதி நான்கு பவுன் உங்கள் பெட்டியிலேயே இருக்கும். ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். அந்த நகை மனைவியின் மஹராகவோ தாய் வீட்டார் போட்டதாகவோ இருந்தால் அது அவருடைய சொத்து. அவருடைய மனமொப்பிய சம்மதம் இல்லாமல் தொட உங்களுக்கு உரிமை இல்லை. வாங்கினால் அது கடன். 2-வது அத்தியாயம் 282-வது வசனம் கடனை எழுதி வைக்கச் சொல்கிறது. மனைவியிடம் வாங்கிய கடனும் கடன்தான். எழுதி வையுங்கள்.

கந்துவட்டிக்காரனிடம் மட்டும் போகாதீர்கள். நூற்றுக்குப் பத்து என்றால் ஆண்டுக்கு 120 சதவீதம். பத்து மாதத்தில் வட்டியே அசலைத் தொட்டுவிடும். 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அதீத வட்டி தடைச் சட்டப்படி கந்துவட்டியும் மீட்டர் வட்டியும் தண்டனைக்குரிய குற்றம். ஆனாலும் 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வாசலில், கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே பச்சைக் குழந்தைகளோடு தீக்கு இரையானதை நாடே பார்த்தது. சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது, மிரட்டப்படுகிறவர் பயமின்றிப் புகார் கொடுக்க ஜமாஅத் கூட நிற்க வேண்டும்.

குழுக்கடன் வாங்கியுள்ள சகோதரிகளும் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிகளின்படி, ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி கடன் கொடுக்கக் கூடாது. மிரட்டி வசூலிப்பதற்கும் தடை உண்டு. வீட்டு வாசலில் உட்கார்ந்து கத்துகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

வெளிநாட்டிலிருந்து மொத்தமாக செட்டில்மெண்ட் பணத்தோடு வந்தவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. "ஹலால் முதலீடு, மாதாமாதம் லாபம்" என்று தாடியும் தொப்பியுமாக வந்து கேட்பவர்களிடம் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்காதீர்கள். 2019-ல் பெங்களூரில் இப்படி ஒரு நிறுவனம் கவிழ்ந்தபோது பல்லாயிரம் முஸ்லிம் குடும்பங்கள் தெருவுக்கு வந்தன.

உரிமையைக் கேட்பதில் வெட்கம் எதற்கு?

வசதி இருந்த காலத்தில் கௌரவத்துக்காகச் சர்க்கரை அட்டையோ, பொருள் வாங்காத அட்டையோ வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மில் நிறைய. "ரேஷன் அரிசியா? நாங்கள் வாங்குவதில்லை" என்று பெருமை பேசினோம். தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அரிசி அட்டைக்கு அரிசி விலையில்லாமல் கொடுக்கப்படுகிறது. சர்க்கரை அட்டையை அரிசி அட்டையாக மாற்றிக்கொள்ள 2019-லும் 2020-லும் அரசு வாய்ப்பளித்தது. எத்தனை பேர் பயன்படுத்தினோம்? நிலை மாறியிருந்தால் வட்ட வழங்கல் அலுவலகத்தில் மனு கொடுங்கள். அந்த அரிசி யாருடைய தர்மமும் அல்ல, நம் வரிப்பணம்.

2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகையாக மாதம் ஆயிரம் ரூபாய் தொடங்கப்பட்டபோது, ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பது வரம்பாக இருந்தது. 2022-ல் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் மாணவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் திட்டம் வந்தது. தகுதி இருந்தும் "நமக்கெங்கே கிடைக்கும்" என்று மனுவே போடாதவர்கள் நம்மில் எத்தனை பேர்! ஒவ்வொரு ஜமாஅத்திலும் படித்த இளைஞர்கள் இருவர், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் ஒரு மேசை போட்டு உட்கார்ந்தால், நூறு குடும்பங்களின் மனுக்களை எழுதிக் கொடுத்துவிடலாம்.

அரசுகளையும் கேட்கிறோம். 2006-ல் வெளிவந்த சச்சார் அறிக்கை, முஸ்லிம்கள் அடர்ந்து வாழும் பகுதிகளைச் சில வங்கிகள் கடன் கொடுக்கத் தகாத பகுதிகளாக ஒதுக்கி வைத்திருப்பதைச் சுட்டிக்காட்டியது. வட்டியில்லா வங்கி முறைக்கு இடமளிக்கலாம் என்று 2008-ல் ரகுராம் ராஜன் குழு பரிந்துரைத்தது. 2017-ல் ரிசர்வ் வங்கி அந்த யோசனையைக் கைவிட்டது. 2022-ல் மத்திய அரசு, சிறுபான்மை மாணவர்களுக்கான பள்ளி உதவித்தொகையை ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை நிறுத்தி, ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு மட்டும் என்றாக்கியது. அதே ஆண்டு ஆராய்ச்சி மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகையும் நிறுத்தப்பட்டது. ஏழை வீட்டு நோட்டில் வரவுப் பக்கத்திலிருந்து ஒவ்வொரு வரியாக அடித்துவிட்டு, "சிக்கனமாக வாழுங்கள்" என்று உபதேசம் செய்தால் எப்படி? சிக்கனம் நாங்கள் செய்கிறோம். எடுத்ததைத் திருப்பிக் கொடுங்கள்!

ஜமாஅத் என்ன செய்யப் போகிறது?

வருமானம் குறைந்த ஒருவர் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று எழுதினோம். சொன்னால் என்ன கிடைக்கும்? ஏளனம்தான் கிடைக்கும் என்றால் யார் சொல்வார்?

ஆகவே ஜமாஅத் நிர்வாகிகளிடம் மூன்று கோரிக்கைகள் வைக்கிறோம்.

ஒன்று, வட்டியில்லாக் கடன் நிதி. உத்தரப் பிரதேசம் தேவ்பந்தில் 1961-ல் தொடங்கிய முஸ்லிம் ஃபண்ட், நகையைப் பெற்றுக்கொண்டு வட்டியில்லாமல் கடன் கொடுக்கும் வழியைக் காட்டியது. நம் மஹல்லாவில் சிறிய அளவில் ஏன் முடியாது? வட்டிக்கு ஆசைப்படாத வசதியானவர்கள் நன்கொடை தரட்டும். வரவு செலவை மாதந்தோறும் பள்ளிவாசல் பலகையில் ஒட்டுங்கள். கடன் வாங்கியவர் பெயரை மட்டும் ஒட்டாதீர்கள். ஜகாத் பெறத் தகுதியான எட்டுப் பிரிவினரில் கடன்பட்டவர்களும் ஒரு பிரிவு என்பதை 9-வது அத்தியாயம் 60-வது வசனம் சொல்கிறது. ரமளானில் வாசலில் வரிசையாக நிறுத்தி ஆளுக்கு ஐம்பது, நூறு கொடுப்பதை நிறுத்திவிட்டு, ஆண்டுக்குப் பத்துக் குடும்பங்களை வட்டியிலிருந்து மீட்டெடுங்கள்.

இரண்டு, கைக்கூலிக்கும் ஆடம்பரத் திருமணத்துக்கும் துணைபோகாதீர்கள். ஒரு குமரைக் கரை சேர்க்க வாங்கிய கடன்தான் பல வீடுகளில் வருமானம் குறைந்ததும் கழுத்தை நெரிக்கிறது. கைக்கூலி வாங்கும் திருமணத்துக்கு ஜமாஅத் தஃப்தர் திறக்கப்பட மாட்டாது என்று தீர்மானம் போடுங்கள். போட்டால் பெரிய வீட்டுக் கல்யாணத்திலும் அதைக் கடைப்பிடியுங்கள்.

மூன்று, திரும்பி வந்தவரை மதியுங்கள். நேற்று பள்ளிவாசல் கட்ட ரியாலில் அனுப்பியவர் இன்று கை சுருங்கி நிற்கிறார். முன் வரிசையில் அவருக்கு இருந்த இடம் இன்றும் இருக்க வேண்டும்.

கடன் கொடுத்த சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. கஷ்டத்தில் இருப்பவருக்கு வசதி வரும் வரை அவகாசம் கொடுக்கச் சொல்கிறது 2-வது அத்தியாயம் 280-வது வசனம். தள்ளுபடி செய்தால் அது உங்களுக்கே நன்மை என்கிறது.

இன்றிரவே!

வாசகச் சகோதரரே, இதைப் படித்து முடித்ததும் இன்றிரவு இஷா தொழுதுவிட்டு வந்து, மனைவியை எதிரில் உட்கார வையுங்கள். நோட்டை எடுங்கள். முதல் வரியில் இந்த மாதம் உண்மையில் வருகிற தொகையை எழுதுங்கள். இரண்டாம் வரியில் யார் யாருக்கு எவ்வளவு கடன் என்பதை ஒன்றைக்கூட மறைக்காமல் எழுதுங்கள். அவர் அழலாம். கோபப்படலாம். "இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?" என்று கேட்கலாம். கேட்கட்டும். அந்தக் கேள்விக்கு அவருக்கு உரிமை இருக்கிறது.

பிறகு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, பால் கார்டை நிறுத்த வேண்டாம், கேபிளை நிறுத்திவிடலாம்" என்பார். அங்கிருந்துதான் உங்கள் வீட்டின் மீட்சி தொடங்குகிறது, இன்ஷா அல்லாஹ்!